டயர் மாற்ற டிராவல் டிரெய்லரைத் தூக்கும்போது ஜாக்கியை எங்கே வைப்பது?

உங்களிடம் இருப்பது இரண்டு ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு அச்சு) கொண்ட டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு. நான்கு டயர்களுக்கும் வயதாகிவிட்டதால் நீங்களே கழற்றி மாற்ற நினைக்கிறீர்கள். எந்த ஜாக்கி வாங்குவது, அதை ஆக்சிலுக்கு அடியில் வைக்கலாமா, மூலைகளில் ஏற்கெனவே இருக்கும் நான்கு தாங்கிகளாலேயே வண்டியைத் தூக்கிவிட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக்சிலில் வைக்கவே கூடாது என்று ஒருவரும், டயர் கடையில் அங்கேதான் வைக்கிறார்கள் என்று இன்னொருவரும் சொன்னதில் குழம்பிப்போயிருக்கிறீர்கள். கேள்வி ஜாக்கியைப் பற்றியதாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கவலைகள் கலந்திருக்கின்றன. வண்டி நழுவி ஆள் மேல் விழக் கூடாது என்பது ஒன்று. ஆக்சிலோ அடிச்சட்டமோ வளையக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. இரண்டாவதில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டிரெய்லர்களின் ஆக்சில், பிரேக், பேரிங் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்பதால் இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

மூலைத் தாங்கிகளைப் பற்றிய பதில் எளிது: அவற்றால் தூக்காதீர்கள். வண்டி நிற்கும்போது உள்ளே நடந்தால் ஆடாமல் இருப்பதற்காக வைத்தவை அவை. வண்டியின் எடையைச் சக்கரங்கள் தாங்கிக்கொண்டிருக்கும், தாங்கிகள் ஆட்டத்தை மட்டும் அடக்கும். அவற்றைக் கொண்டு சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பினால் தாங்கியின் கால் மடங்கலாம், அது பொருத்தப்பட்ட இடத்தில் சட்டம் முறுக்கிக்கொள்ளலாம், கதவுச் சட்டங்கள் கோணிப்போகலாம். வேலையைத் தொடங்கும் முன் நான்கையும் முழுவதுமாக மேலே சுருட்டிவிடுங்கள். ஒரு பக்கத்தைத் தூக்கும்போது எதிர்ப்பக்கத்தில் இறங்கியிருக்கும் தாங்கியின் மேல் எதிர்பாராத எடை போய் உட்காரும். முன்பக்கம் கப்ளருக்கு (இழுக்கும் வண்டியோடு இணையும் பூட்டு) அருகே இருக்கும் ஜாக்கியும் சக்கரத்தைத் தூக்குவதற்கானதல்ல.

இப்போது பாதுகாப்பு. டிரெய்லரைப் பற்றிப் பலர் மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. காரை நிறுத்தினால் கைப்பிரேக்கும் கியரும் அதைப் பிடித்துக்கொள்ளும். மின்பிரேக் உள்ள டிரெய்லரில் மின்சாரம் போகும்போதுதான் பிரேக் பிடிக்கும். நிறுத்தி இணைப்பைக் கழற்றியதும் அது நான்கு சக்கரங்களில் சுதந்திரமாக உருளக்கூடிய ஒரு பெட்டி மட்டுமே. ஓடும்போது டிரெய்லர் கழன்றுபோனால் பிரேக் பிடிக்க வைக்கும் அவசரக் கம்பியை உருவிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அது சில நிமிட ஆபத்துக்கானது. அதையே நிறுத்தும் பிரேக்காகப் பயன்படுத்தினால் பேட்டரி இறங்கிவிடும், பிரேக்கை இயக்கும் காந்தங்களும் சூடேறிக் கெடலாம். பேட்டரி இறங்கிய கணத்தில் பிடிமானமும் போய்விடும், அந்தக் கணம் எப்போது வரும் என்று வெளியிலிருந்து தெரியாது. கைப்பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் அதைப் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஆகவே டிரெய்லரை இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றாதீர்கள். இழுக்கும் வண்டியைக் கியரில் விட்டு, கைப்பிரேக் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தூக்காத பக்கம்தான் தரையைப் பற்றியிருக்கப் போகிறது என்பதால் கட்டையும் அங்கேதான் வேலை செய்யும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் வைத்து விரித்து இறுக்கும் கருவி கிடைக்கிறது. அது ஆட்டத்தைக் குறைக்கும், கட்டைக்கு மாற்றாகாது. பல ஆண்டுகளுக்கு முன், கப்ளரைக் கழற்றிய டிரெய்லர் ஒன்றை ஒரே ஒரு கட்டையை நம்பித் தூக்கினேன். பார்த்தால் சமதளம் என்றே தோன்றிய தரை. சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் வண்டி ஒரு சாண் அளவுக்குத்தான் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து தெறித்தது, பிரேக் டிரம் தரையில் மோதி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. நான் அப்போது ஸ்பானர் எடுக்கத் திரும்பியிருந்தேன் என்பது மட்டுமே காரணம். அன்றிலிருந்து முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் நான் ஜாக்கியைத் தொட்டதில்லை.

வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது, குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பது நல்லது. பக்கவாட்டில் இழுத்து விரியும் அறைகள் இருந்தால் உள்ளே தள்ளிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்யுங்கள். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ, அதுவும் சாயும்போது ஒரு பக்கமாக ஓடி வரும் எடை.

தரை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். கான்கிரீட் சிறந்தது. வெயிலில் இளகிய தார்த்தரை பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும், ஆனால் ஸ்டாண்டின் (தூக்கிய வண்டியைத் தாங்க அடியில் வைக்கும் இரும்புத் தாங்கி) கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். மண்ணிலும் சரளையிலும் அப்படித்தான். அடியில் தடித்த பிளைவுட் பலகையோ அகலமான கெட்டிப் பலகையோ கொடுங்கள். செங்கல், சிமெண்ட் கற்கள் வேண்டவே வேண்டாம். மரம் நசுங்கும் முன் முனகும், கல் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் உடையும்.

ஜாக்கியை எடுக்கும் முன் வீல் நட்டுகள் ஒவ்வொன்றையும் கால் சுற்று அளவுக்குத் தளர்த்திவிடுங்கள். மேலே எழுந்த டிரெய்லர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஸ்பானரை அழுத்தினால் சக்கரம்தான் சுழலும். அதைவிட மோசம், இறுகிப்போன நட்டோடு மல்லுக்கட்டி வண்டியையே உலுக்குவீர்கள். உலுக்கும் வேலை எல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. முதலில் குனிந்து பார்த்து உங்களுடையது எந்த வகை ஆக்சில் என்று தெரிந்துகொள்ளுங்கள். வட்டக் குழாயும், அதன் இரு முனைகளிலும் அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங்கும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளும் தெரிந்தால் அது பட்டை ஸ்பிரிங் வகை. ஸ்பிரிங்கே தெரியாமல், சட்டத்தோடு போல்ட் போட்ட ஒரு குழாயும் அதன் முனையிலிருந்து பின்னோக்கிச் செல்லும் குட்டைக் கையும் தெரிந்தால் அது உள்ளே ரப்பர் வைத்த முறுக்கு வகை.

உறுதியாகச் சொல்லக் கூடியது இது: எந்த வகையாக இருந்தாலும் ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக்கி வைக்கக் கூடாது. அந்தக் குழாய் உள்ளே வெற்றிடம் கொண்டது. முனைகளில் எடை வாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. பட்டை ஸ்பிரிங் வகையில் குழாயை நடுவில் சற்றே மேல்நோக்கி வளைத்தே பெரும்பாலும் செய்வார்கள். வண்டியின் எடை ஏறியதும் அந்த வளைவு ஏறக்குறைய நேராகி, டயர் தரையில் சமமாகப் படியும். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் அந்த வளைவு நிரந்தரமாக மாறிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருக்கும்போதுதான் தெரியும். முறுக்கு வகையில் குழாயில் எந்த இடத்திலும் ஜாக்கி வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர்தான் ஸ்பிரிங், அதைச் சுற்றியுள்ள குழாய் நசுங்கினால் சரிசெய்யும் வேலை கிடையாது, ஆக்சிலையே மாற்ற வேண்டும். அந்தக் கை நீளும் இடத்திலும் வைக்காதீர்கள், அது மேலே மடங்கி ஜாக்கியை நழுவ விடும்.

ஆக்சில் தயாரிப்பாளர்கள் ஆக்சிலிலோ ஸ்பிரிங்கிலோ தூக்க வேண்டாம், சட்டத்தில் தூக்குங்கள் என்றே தங்கள் கையேடுகளில் எழுதுகிறார்கள். வண்டியின் கையேட்டில் ஜாக்கி வைக்கும் இடம் குறிக்கப்பட்டிருந்தால் அதுவே முடிவான பதில், நான் சொல்வது உட்பட வேறு எதையும் கேட்க வேண்டாம். சில வண்டிகளில் அதற்கென்றே ஒரு தகடு பற்றவைத்திருப்பார்கள். குறிப்பு எதுவும் இல்லையென்றால், முதன்மைச் சட்டத்தில் ஸ்பிரிங்கைத் தாங்கும் கொளுவிக்கு ஒட்டிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே எடை இறங்கும் இடம் என்பதால் அங்கே சட்டம் வலுவாக இருக்கும். சட்டத்தின் அடித்தகட்டில் ஓரத்தை விட்டுவிட்டு, மேலே நிற்கும் நடுத்தகட்டுக்கு நேர் கீழே ஜாக்கித் தலை படுமாறு பாருங்கள். ஓரத்தில் வைத்தால் தகடு மடங்கும். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும் என்பதால் இடையில் மெல்லிய கெட்டி மரத்துண்டு ஒன்று போதும்.

கருத்து வேறுபாடு உள்ள இடம் ஒன்றே ஒன்று. பட்டை ஸ்பிரிங் வகையில் ஸ்பிரிங்குக்கு நேர் கீழே, யூ போல்ட்டுகள் கடக்கும் தகட்டில் ஜாக்கி வைப்பது. டயர் கடைகளில் நீங்கள் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். எடை ஸ்பிரிங் வழியாக ஆக்சிலுக்கு இறங்கும் புள்ளியே அதுதான், ஆகவே குழாய் வளைய அங்கே காரணம் குறைவு என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. சாலையோரத்தில் வேறு வழியில்லாதபோது நானும் அப்படித் தூக்கியிருக்கிறேன், அதனால் ஆக்சில் கெட்டதாக நான் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்க்கவில்லை என்பது கெடாது என்பதற்குச் சான்றாகாது. கையேடு மறுக்கும் முறையில் தூக்கிக் கெட்டுப்போனால் உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகும். யூ போல்ட் முனைகளும் நட்டுகளும் கீழே துருத்திக்கொண்டிருப்பதால் ஜாக்கித் தலை சமமாகப் படியாமல் வழுக்கும் ஆபத்தும் உண்டு. வாசலில், பகலில், அவசரம் இல்லாமல் நான்கையும் மாற்றப் போகிற உங்களுக்கு இந்தக் குறுக்குவழி தேவையே இல்லை.

சட்டத்தில் தூக்குவதில் ஒரு சிரமம் உண்டு. சட்டம் மேலே போகப் போக ஸ்பிரிங்குகள் விரிந்து ஆக்சில் கீழேயே தொங்கும். சக்கரம் தரையை விட்டு எழ, நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகத் தூக்க வேண்டியிருக்கும். எனவே ஜாக்கி வாங்கும் முன் தரையிலிருந்து சட்டம் வரை அளவெடுங்கள். மூடிய நிலையில் ஜாக்கி அதற்குள் நுழைய வேண்டும், விரிந்த நிலையில் அதைவிடக் குறைந்தது 15 சென்டிமீட்டராவது மேலே போக வேண்டும். டயரில் காற்றே இல்லாதபோது வண்டி இன்னும் தாழ்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கழற்றும் தட்டையான டயருக்குப் போதுமான இடைவெளி, காற்று நிறைந்த புது டயர் உள்ளே போகப் போதாது.

எடைக் கணக்கைப் பார்ப்போம். வண்டியின் மொத்த எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக ஏற்றப்பட்ட டிரெய்லரில் அதில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் மேல் உட்காரும். 12 சதவீதம் என்றால் 360 கிலோ போக 2,640 கிலோ நான்கு சக்கரங்களில். ஒரு பக்கத்துக்கு 1,320, ஒரு சக்கரத்துக்கு 660. இரண்டு ஆக்சில்களுக்கும் இடையில் சட்டத்தில் தூக்கினால் அந்தப் பக்கம் முழுவதும், அதாவது 1,320 கிலோவும் ஜாக்கியின் மேல் வரும். உங்கள் எண்களைப் போட்டுக் கணக்கிட்டு, அதுபோல் இரண்டு மடங்குக்குக் குறையாத திறன் கொண்ட ஜாக்கியை வாங்குங்கள். நான் இந்த எடைக்கு 6 டன் பாட்டில் ஜாக்கியையே (பாட்டில் வடிவில் நிற்கும் எண்ணெய் அழுத்த ஜாக்கி) எடுப்பேன். திறன் மட்டும் காரணமல்ல, அதன் அடிப்பாகமும் அகலமாக இருக்கும். பாட்டில் ஜாக்கி செங்குத்தாக நின்றால்தான் சரியாக வேலை செய்யும். சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி கான்கிரீட்டில் மிக நல்லது, சரளையில் பயனில்லை. காரோடு வரும் கத்தரி ஜாக்கியை இதற்கு எடுக்காதீர்கள்.

ஜாக்கியே இல்லாமல், நல்ல டயரைச் சாய்வுக்கட்டையின் மேல் ஓட்டி ஏற்றி மற்றதை எழுப்பும் முறையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஞ்சரான ஒரு டயரை வழியில் மாற்ற அது நல்ல முறை, எதற்கடியிலும் நுழைய வேண்டியதில்லை. இரண்டு வரம்புகள் உண்டு. பட்டை ஸ்பிரிங் வகையில் முன் பின் ஸ்பிரிங்குகளை ஒரு தராசுக் கோல் போன்ற துண்டு இணைக்கிறது. ஒரு சக்கரம் மேலே போனால் அது மற்றதைக் கீழே தள்ளும். அந்தத் துண்டு ஆடும் எல்லை முடிந்த பிறகுதான் அடுத்த சக்கரம் எழத் தொடங்கும். கட்டை உயரம் போதாவிட்டால் சில வண்டிகளில் சக்கரம் தரையை விட்டே எழாது. இரண்டாவது, கட்டையின் மேல் நிற்கும் டயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையைத் தாங்குகிறது. உங்களுடையவை வயதான டயர்கள். பக்கச்சுவரில் விரிசல் விட்ட ஒரு டயரின் மேல் அந்தப் பக்கத்தின் முழு எடையையும் ஏற்றி அருகில் உட்கார்ந்து வேலை செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

தூக்கும்போது நிதானமாகத் தூக்குங்கள். ஒரு பக்கம் எழும்போது சட்டம் நேராக மேலே போவதில்லை, எதிர்ப்பக்கத்து டயர்களை மையமாகக் கொண்டு வளைவாகப் போகிறது. ஆகவே ஜாக்கித் தலை மெல்ல அந்தப் பக்கமாக இழுபடும். ஜாக்கியின் கைப்பிடியை ஐந்தாறு முறை அடித்துவிட்டு நிறுத்தி, ஜாக்கி செங்குத்தாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சாய்ந்திருந்தால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். தேவையான உயரம் வந்ததும் ஸ்டாண்டைச் சட்டத்துக்கு அடியில் வைத்து, ஜாக்கியைத் தளர்த்தி, எடையை ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் ஜாக்கியின் ஒரு சிறு ரப்பர் வளையம் கசிந்தாலே அது இறங்கும். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள், எல்லாம் தவறினாலும் வண்டி அதன் மேல்தான் விழும். இவ்வளவு செய்த பிறகும் உடம்பை வண்டிக்கு அடியில் கொண்டுபோக இந்த வேலையில் எந்தத் தேவையும் இல்லை. ஒரு பக்கத்தை முடித்து, நட்டுகளைப் போட்டு, இறக்கிவிட்டுத்தான் அடுத்த பக்கம்.

ரிம்களை டயர் கடைக்குக் கொண்டுபோய்ப் புது டயர் ஏற்றி வருவதாக இருந்தால் வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி இறக்கிவிட்டுப் போங்கள். பயணம் கூடுதலாகும், ஆனால் நீங்கள் இல்லாத நேரத்தில் வண்டி தன் சொந்தச் சக்கரங்களில் நிற்கும்.

சக்கரம் எழுந்திருக்கும் அந்த நேரத்தில், கழற்றும் முன், கையால் ஒரு முறை சுழற்றிக் கேளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெளிவாகத் தட்டினாலோ பேரிங்கைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. புது டயர் டிரெய்லருக்கென்றே செய்த எஸ்.டி. வகையாக, பழையதன் அளவிலும் அதற்குக் குறையாத சுமைத் திறனிலும் இருக்கட்டும். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைக் கடையிலேயே பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வால்வையும் கேளுங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குமானது. 80 பி.எஸ்.ஐ. கேட்கும் டயருக்கு உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும்.

மாட்டும்போது ஸ்டட்டுகளில் (வீல் நட்டுகள் ஏறும் மரையாணிகள்) எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். பல டிரெய்லர் சக்கரங்களை மையப்படுத்துவது நட்டுகளின் கூம்பு முகம்தான். அதனால் முதலில் எல்லா நட்டுகளையும் கையால் உட்கார வைத்து, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சக்கரம் தரையில் இறங்கிய பிறகு, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முழு அளவுக்கு இறுக்குங்கள். அரை அங்குல ஸ்டட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு, அதாவது சுமார் 120 முதல் 160 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு. உங்கள் ரிம்முக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் துப்பாக்கியால் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டாம், அது ஒன்றைக் குறைவாகவும் ஒன்றை அதிகமாகவும் முறுக்கும்.

இரண்டு ஆக்சில் வண்டி திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டே திரும்புகின்றன. அந்த இழுப்பு முழுவதும் நட்டுகளின் மேல்தான் விழுகிறது. அதனால் புதிதாக மாட்டிய சக்கரம் முதல் பயணத்திலேயே சற்றுத் தளரலாம். 15, 40, 80 கிலோமீட்டர் கடந்ததும் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் ஒவ்வொரு நட்டிலும் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். மூன்றாவது முறையும் ஒரு நட்டு நகர்ந்தால் மேலே ஓட்டாதீர்கள். அந்தச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டட் நீண்டிருக்கிறதா, ரிம்மின் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா, ரிம்முக்கும் அது பொருந்தி உட்காரும் ஹப்புக்கும் இடையில் துருவோ பெயிண்டோ தடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே புறப்படுங்கள்.